தவில் வருகிறது, ஜால்ரா வரவில்லை

"அம்மணி, இதுக்கு இன்னும் பவர் பத்தலீங்க."

நாச்சிமுத்து ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

குரு நிமிர்ந்து பார்த்தார். குரு என்றதும் தாடியெல்லாம் தேட வேண்டாம். பெயர் ஜெசிந்தா, வயது நாற்பது. கோவை கணபதியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறையில் ஆம்பிளிஃபையர் செய்கிறவர். சீடருக்குத்தான் அறுபதுக்கு மேல். சோமனூரில் தறி ஓட்டியே காலத்தைக் கழித்தவர். தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, இனிமேலாவது நிம்மதியாகப் பாட்டுக் கேட்கலாம் என்று தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்தார்.

வந்தவர் சும்மா வரவில்லை. இருக்கிறதிலேயே அடம் பிடிக்கிற ஹெட்போனாகப் பார்த்து வாங்கி வந்தார். செல்போனில் சொருகினால் அது முனகும். கரண்டை அள்ளிக் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும்.

இந்த ஹெட்போன் பைத்தியங்கள் ஹெட்போனுக்கும் ஆம்பிளிஃபையருக்கும் பார்க்கிற பொருத்தத்தைச் சொந்தப் பிள்ளையின் கல்யாணத்துக்குக்கூடப் பார்ப்பதில்லை. குருவும் சீடரும் உட்கார்ந்து சின்னதாக ஒன்று செய்தார்கள். பவர் பத்தவில்லை என்றார் சீடர். அடுத்ததைப் பெரிதாகச் செய்தார்கள். பத்தவில்லை என்றார். இது மூன்றாவது. தூக்க இரண்டு கையும் வேண்டும்.

"சத்தமே வரலீங்களாண்ணா?"

"சத்தம் வருதுங்க. தவில் வருது. ஜால்ரா வரலீங்க."

"நாதஸ்வரம்?"

"வருது. போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கறாப்ல இருக்குதுங்க."

ஜெசிந்தா புருவத்தைச் சுருக்கினார். பவர் பத்தாத ஹெட்போனில் முதலில் கெடுவது தவில்தான். ஓங்கி ஒரு அடி விழும்போது ஆம்பிளிஃபையரால் ஈடு கொடுக்க முடியாமல் பிசிறும். ஜால்ராவுக்குச் சொட்டுக் கரண்ட் போதும், அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும். இந்த மனுஷர் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்கிறார்.

மீட்டரை எடுத்து மாட்டினார்.

"முள்ளைப் பாருங்கண்ணா. ஆம்பிளிஃபையர் குடுக்க முடியறதுல கால்வாசிகூட இது எடுத்துக்கல."

"முள்ளு கெடக்குதுங்க. காது சொல்றதுதான் நெசம்னு நீங்கதானுங்களே சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். முதல் நாள் பாடமே அதுதான். 

சீடர் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்த அதே அளவில் குமிழை விட்டுவிட்டு, ஜெசிந்தா ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டினார். மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்தார். காதுக்குள் ஒரு கூவல் வெகுநேரம் ஓயவில்லை.

"தினமும் இவ்வளவு வச்சா கேக்கறீங்க?"

"இவ்வளவு வச்சும் பத்தலைன்னுதானுங்க வந்திருக்கறேன்."

அன்று அவருடைய மனைவி மயிலாத்தாளும் கூட வந்திருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற வழி. ஷட்டர் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டால் அப்படித்தான் போலிருக்கிறது என்று ஜெசிந்தா கண்டுகொள்ளவில்லை.

ஜெசிந்தா எழுந்து அலமாரிப் பக்கம் போனார். சீடருக்கு முதுகைக் காட்டி நின்றார். குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"அண்ணா, உங்க வேட்டியில தீ புடிச்சிருக்குது."

நாற்காலி கிறீச்சிட்டது. பதறி எழுந்தவர் மயிலாத்தாள்.

நாச்சிமுத்து துண்டின் நுனியால் ஹெட்போனின் மெத்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல அவ்வளவு பதமாக.

ஜெசிந்தா திரும்பி வந்து அவர் முன்னால் நின்றார்.

"அண்ணா."

"சொல்லுங்க அம்மணி."

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லலீங்களே."

"உங்களுக்குக் காது கேக்கறதில்லண்ணா."

அவர் சிரித்தார். "இப்ப நீங்க சொன்னது கேட்டுச்சுங்களே!"

ஜெசிந்தா உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டு அதையே திரும்பச் சொன்னார்.

அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

தறி ஓடுகிற இடத்தில் யாருக்கும் யார் பேசுவதும் காதில் விழாது. அங்கே எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார்கள். ஆயுசு முழுக்க அப்படிப் பிடித்துப் பிடித்து, தறிச் சத்தத்தில் ஜால்ரா மாதிரிச் சன்ன ஒலிகளைக் கேட்கிற காது எப்போது போனதென்று அவருக்கே தெரியாமல் போய்விட்டது. மனுஷர்கள் பேசினால் புரிந்தது. பாட்டு மட்டும் புரியவில்லை. பாட்டுக்கு வாய் கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை, ஆம்பிளிஃபையர்மேல் பழியைப் போட்டுவிட்டார்.

ஜெசிந்தாவுக்கும் வெட்கமாக இருந்தது. பாடம் சொல்லும்போதெல்லாம் இந்த மனுஷர் தன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காததைக் குருபக்தி என்று நினைத்து, உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்தும் போயிருந்தார்.

மயிலாத்தாள் நின்ற இடத்திலேயே நின்றார். நாச்சிமுத்து குனிந்து கையிலிருந்த ஹெட்போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங் கண்ணு, மூஞ்சியப் பாக்காம சொன்னா இவருக்குத் தெரியாதுங்களா?"

"தெரியாதுங்கம்மா."

"இருட்டுல சொன்னா?"

"இருட்டுல சொன்னாலும் தெரியாது."

"அன்னிக்கு இருட்டுல பதில் சொன்னாருங்களே."

 மயிலாத்தாள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். 

"என்னாச்சு? ஏன் இப்படி நிக்கறா?" என்றார் நாச்சிமுத்து.

ஜெசிந்தா அலமாரியிலிருந்து ஒரு மைக்கை எடுத்து ஆம்பிளிஃபையரோடு இணைத்தார். ஒலியளவை நன்றாகக் குறைத்தார். சன்ன ஒலிகளைத் தூக்கிக் கொடுக்கிற குமிழை மட்டும் மெல்ல மெல்ல ஏற்றினார். ஹெட்போனைத் தன் கையாலேயே சீடரின் தலையில் மாட்டினார்.

"ரெக்கார்டு பண்றதுங்களா?" என்றார் அவர்.

மைக் மயிலாத்தாளின் கைக்குப் போனது.

"அன்னிக்கு இருட்டுல என்ன சொன்னீங்களோ, அதையே சொல்லுங்கம்மா."

"இவரப் பாத்துட்டு எப்படிக் கண்ணு சொல்றது?"

"அப்பத் திரும்பி நின்னுக்குங்க."

மயிலாத்தாள் தெருவைப் பார்த்துத் திரும்பினார். ஒரு லாரி போய் முடிந்ததும் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"மாருல கட்டி மாதிரி ஒண்ணு தட்டுப்படுதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்களா?"

நாச்சிமுத்து விலுக்கென்று நிமிர்ந்தார். கையை ஹெட்போன்மேல் வைத்து அழுத்தினார்.

"இவ கொரலுங்களா இது?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார். அந்தக் குரலை அவர் மறந்தே போயிருந்தார்.

பிறகுதான் அது என்ன சொன்னது என்பது உள்ளே இறங்கியது.

"எப்ப? எப்பச் சொன்ன?"

"போன ஆடியிலீங்க. கரண்டு போயிருந்துச்சே, அன்னிக்கு. செரி செரி, காலையில பாக்கலாம்னீங்க. காலையில எந்திரிச்சுக் காப்பி கேட்டீங்க."

அந்த இருட்டு அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் படுத்திருந்தவள் ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது. என்னவென்று தெரியவில்லை. என்ன என்று கேட்கச் சோம்பல். பெண்டாட்டி பேச்சுக்கு வழக்கமாக எதைச் சொல்வாரோ அதையே சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தார்.

"மறுக்கா ஒருவாட்டி சொல்றதுக்கென்ன?"

"ஒருக்கா சொல்றதுக்கே உசுரு போயிருச்சுங்க. கேட்டுட்டும் காப்பி கேக்கற மனுசங்கிட்ட மறுக்கா என்னத்தச் சொல்றது? அப்பவே உங்ககூடப் பேச்ச உட்டுட்டேன். உங்களுக்கு அதுகூடத் தெரியல."

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

உடனே எல்லாம் அடங்கிப்போயிற்று. தெருவில் வண்டிகள் போயின, சத்தம் இல்லை. மயிலாத்தாளின் முதுகு தெரிந்தது. தோள் குலுங்கியது. அழுகிறாளா, இன்னும் பேசுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வாயைப் பார்க்க எட்டிப் பார்த்தார். முகம் அந்தப் பக்கம் இருந்தது.

ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா தரையைப் பார்த்தார்.

அவர் ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்பக் கக்கத்துலயும் வந்துருச்சுங்க."