பத்துப் பேர் அழுத்தினால் போதும்

பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்காக நிரஞ்சனரின் மடம் போனில் ஒரு குழு நடத்தியது. பன்னிரண்டாயிரம் பேர். மேற்பார்வைக்கு மடத்து ஆள் ஒருவர்கூடக் கிடையாது. ஒரு பதிவு பிடிக்கவில்லையா, 'அமைதி கெடுகிறது' என்ற பொத்தானை அழுத்தலாம். பத்துப் பேர் அழுத்தினால் பதிவு மறைந்துவிடும். எழுதியவர் கண்ணுக்கு மட்டும் அது அப்படியே இருக்கும். அவர் மனம் புண்படக் கூடாதாம்! அழுத்துவதும் சேவைதான் என்று, அதிகம் அழுத்தியவருக்கு வியாழக்கிழமை பூஜையில் மாலை வேறு.

ஏற்பாடெல்லாம் சீடர் பொன்னம்பலத்துடையது. டெலிபோன் ஆபீஸில் ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர்.

ஒருநாள் மன்னார்குடியிலிருந்து ஒருவர் மனைவியின் போனோடு வந்தார்.

"சுகந்தவல்லி உங்க குழுவுலதாங்க இருந்தா. மொதல்ல நாலு பேர் ஆறுதல் சொன்னாங்க. அப்புறம் நாப்பது நாள் எழுதியிருக்கா, ஒருத்தர்கூட ஏன்னு கேக்கலை. போன திங்கக்கிழமை அவளும் மகன்கிட்டயே போயிட்டா."

போனைக் குருவின் முன்னால் வைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பொன்னம்பலம் எடுத்துப் பார்த்தார். நாற்பது நாளும் ஒரே வரி. 'இன்னிக்கும் அவனுக்கும் சேத்து உலை வச்சிட்டேன். யாராவது பேசுங்களேன்.'

மடத்துக் கணினியில் தேடிவிட்டு, வெளுத்த முகத்தோடு குருவிடம் வந்தார்.

"நாப்பதையும் மறைச்சிருக்காங்க சாமி. பாவிங்க! அவங்களுக்கு என் கையாலதானே மாலை போட்டேன்."

"யார் அவங்க?"

"போன் போட்டுக் கேட்டேன். எல்லாரும் பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. அந்த வரியைப் பாத்தா அன்னிக்குப் பூரா சோறு இறங்கலை, அதான் அழுத்தினேன்னு ஒரு அம்மா அழறாங்க."

"ம்."

"அவங்களை நீக்கிட்டு, பதிவுகளைப் பாத்து அழுத்தறதுக்கு மனசு திடமான பத்துப் பேராப் போடட்டுமா?"

குரு கையை நீட்டினார். போனை வாங்கி, முதல் நாள் வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு இரண்டாம் நாள் வரியை. நாற்பதையும் ஒன்று விடாமல் படித்தார்.

பொன்னம்பலம் மெல்லக் கேட்டார். "அந்த அம்மாவுக்கு என்ன சொல்லட்டும் சாமி?"

"நான்தான் அவங்க கால்ல விழணும்னு சொல்லுங்க, ஐயா. இதைத் தினம் படிச்சுத் தாங்க வேண்டியவன் நான். பிள்ளையைப் பறிகொடுத்தவங்க தலையில கொண்டுபோய் அதைக் கட்டிட்டேன்."