மூடிய கல்வெட்டு

தலைவர் தெய்வசிகாமணி தலையாட்டாமல் அந்தப் பேரூராட்சியில் ஒரு கடைப் பலகைகூட ஏறாது. எழுத்து கொஞ்சம் கோணினாலும் இறக்கச் சொல்வார். அவர் கட்டிய சத்துணவுக்கூடத்தின் கூரையோ முதல் மழைக்கே விழுந்து, சாப்பிட உட்கார்ந்த மூன்று பிள்ளைகளைக் கொன்றது.

கலெக்டர் பார்வையிட வருகிறார் என்றதும், பலகை எழுதும் பூலோகத்தைக் கூப்பிட்டார். "திறப்பு விழாக் கல்வெட்டுல என் பேரு தெரியக்கூடாது. அழிச்ச தடமும் தெரியக்கூடாது. இல்லேன்னா இந்த ஊர்ல நீ பிரஷ் தொட முடியாது."

பிள்ளைகள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் கல்வெட்டின்மேல் ஒட்டினான் பூலோகம். அதைக் கிழிக்க எவனுக்குக் கை வரும்? தலைவருக்கு மனம் குளிர்ந்தது.

கலெக்டர் மாலை வைத்துவிட்டு, "யார் கட்டினது இதை?" என்றார்.

"ஒட்டுனது நானுங்க" என்று ஈரம் காயாத ஓரத்தைப் பிடித்து இழுத்தான் பூலோகம். "கட்டுனவரு அடியில இருக்காரு."