ரயில்வே கேட் வரைக்கும்

சீடருக்கு ஐம்பத்தொரு வயது; இதய டாக்டர். குருவுக்கு முப்பத்தெட்டு, அதே ஆஸ்பத்திரியில் பேஸ்மேக்கர் சரிபார்க்கும் டெக்னீஷியன், பெயர் செலின். நர்சுகள் வாய்பொத்திச் சிரித்தார்கள். டாக்டர் திருவரங்கன் கண்டுகொள்ளவில்லை.

அன்றைக்கும் ஒரு கேள்வியோடு வந்தார். பின்னாலேயே நோயாளி சுடலைமணி, அவர் மனைவி பேச்சியம்மாள்.

"செலின், இவருக்கு இதயம் ரொம்பப் பலவீனம். மேலறை துடிச்சு எவ்வளவு இடைவெளி விட்டுக் கீழறை துடிக்கணும்னு இவரோட பேஸ்மேக்கர்ல நானே பார்த்துப் பார்த்து வெச்சேன். எக்கோ ஸ்கேன்ல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா பத்தடி நடந்தா மூச்சு வாங்குது. ஏன்?"

"எங்க வெச்சுப் பார்த்தீங்க டாக்டர்?"

"கட்டில்ல. படுக்கவெச்சு."

"அவருக்கு எங்க போகணுமாம்?"

அதை டாக்டர் கேட்டதில்லை.

"ரயில்வே கேட் வரைக்கும்," என்றார் சுடலைமணி. "சாயங்காலம் ரெண்டுபேரும் போவோம். இப்பவும்தான் போறோம். ஆனா நாலு வருசமா அவதான் என்கூட நடக்கா. நான் அவகூட நடந்து நாளாச்சு."

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இவுகளுக்கு வேற வேலை இல்ல தாயி."

செலின் எழுந்தாள். பேஸ்மேக்கரோடு கம்பியில்லாமல் பேசும் கணினியைத் தள்ளுவண்டியில் வைத்தாள். "தள்ளுங்க டாக்டர்."

நால்வரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"அம்மா, நீங்க முன்னால போங்க. உங்க பழைய வேகத்துல."

"பழைய வேகமா? மறந்துல்லா போச்சு."

"காலுக்குத் தெரியும். போங்க."

போனாள். நாலடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சுடலைமணி மூன்றாவது ஜன்னலில் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

மூச்சு ஆறும்வரை காத்திருந்து, செலின் இடைவெளியைக் குறைத்தாள். மறுபடி நடை. ஆறாவது ஜன்னல். இன்னும் குறைத்தாள், அவர் முகம் வாடியது. கொஞ்சம் கூட்டினாள். மறுபடி நடை.

டாக்டர் வண்டியைத் தள்ளியபடியே திரையில் மாறும் எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். வராந்தாவின் கோடியிலிருந்து சுடலைமணியின் குரல் வந்தது.

"ஏட்டி, கேட் அடைச்சுருவான். வெரசா நட!"

"நடந்துட்டுதான இருக்கேன். பேசாம வாங்க," என்று திரும்பாமல் போய்க்கொண்டே சொன்னாள் பேச்சியம்மாள்.

டாக்டர் அவசரமாகப் பேனாவை எடுத்தார். "எந்த எண்ல நிறுத்துனீங்க செலின்?"

"அந்தம்மா திரும்பிப் பார்க்கிறதை எப்ப நிறுத்துனாங்க, டாக்டர்?"

பேனா தாளுக்கு மேலேயே நின்றது.