நாண் இறக்கிய வில்

அந்தக் காலத்தில், வெட்டிய மரத்துக்கும் வாய் இருந்தது. உலக்கை அலுத்துக்கொள்ளும். ஏணி, ஏறுகிறவனின் எடையைப் பற்றிக் குறை சொல்லும். கேட்கத்தான் ஆளில்லை. நமக்கு மனுஷன் சொன்னாலே காதில் ஏறாது, மரம் சொன்னாலா ஏறப்போகிறது?

மூங்கில் அடர்ந்த மலை ஒன்றில் தும்பன் என்றொரு வேட்டைக்காரன் இருந்தான். அவன் மனைவி மசணி. அவர்களுடைய சிற்றூரில் ஒரு வழக்கம் உண்டு. வில்லில் ஒருமுறை நாணேற்றிவிட்டால் பிறகு இறக்க மாட்டார்கள். வளைந்தபடியே வாசல் நிலையில் மாட்டி வைப்பார்கள். வில்லுக்குரியவன் செத்தால்தான் நாணை இறக்குவார்கள். நாண் இறங்கிய வில்லைப் பார்த்தாலே ஊர் ஒப்பாரிக்குக் கூடிவிடும்.

அந்த வருஷம் தினை நன்றாகக் கதிர் பிடித்திருந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டு பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. பன்றித் தோலைத் துளைக்கும் வலு ஊரில் தும்பனுடைய வில்லுக்கு மட்டும்தான் இருந்தது. தினை போனால் மழைக்காலம் முழுக்கப் பட்டினிதான். ஊரே அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மசணி வாசலில் தானியம் குத்திக்கொண்டிருக்கும்போது வில் முனகியது.

"தாயி, முதுகு விட்டுப்போகிறது. வேலை முடிந்ததும் நாணை இறக்கிவிடச் சொல்லேன். காலையில் ஏற்றிக்கொள்ளட்டும்."

மசணிக்குப் பாவமாகப் போய்விட்டது. தும்பன் வந்ததும் சொன்னாள்.

"உயிரோடு இருக்கும்போதே என்னைப் பிணமாக்கப் பார்க்கிறாயா?" என்றான் அவன்.

"அதில்லை மச்சான். நீயும்தான் வேலை முடிந்து வந்தால் முதுகை நீட்டுகிறாய்."

"நான் மனுஷன். அது மூங்கில். பேசாமல் கஞ்சியை ஊற்று."

செவிடன் காதில் ஊதிய சங்குதான். மசணி மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தாள். அவன் மசியவில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன மாதிரி வில்லின் வலு நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் ஒருநாள் அவன் விட்ட அம்பு பாதி வழியில் விழுந்தது. கொம்பன் பன்றி ஒன்று நிதானமாக வந்து அம்பை மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தினையைத் தின்றது.

தும்பனுக்கு மானம் போய்விட்டது. "இதற்குத் திமிர். நாணைக் குட்டையாக்கி ஏற்றினால் தானாக வழிக்கு வரும்" என்றான்.

குட்டையாக்க வேண்டுமானால் முதலில் நாணை இறக்க வேண்டும். ஊர் பார்த்தால் என்ன ஆவது? வில்லைக் குடிசைக்குள் கொண்டுபோய்ப் படலைச் சாத்திக்கொண்டான். உள்ளே இரண்டு பேர் நிற்பதற்கே இடம் போதாது. நாணை இறக்கி, முறுக்கி, குட்டையாக்கினான். பிறகு வில்லின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, வயிற்றால் அழுத்தி வளைத்தான்.

"மசணி, நாணின் நுனிக் கண்ணியை மேல் முனையில் மாட்டு. சீக்கிரம்."

அவள் முகம் வில்லுக்கு நேராக இருந்தது. "வேண்டாம் தாயி, தள்ளிப் போ. கீழே வழுக்குகிறது" என்றது வில். "நிறுத்து மச்சான்" என்று மசணியும் சொன்னாள். யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் தும்பன் இன்னும் அழுத்தினான். கீழ் முனை சறுக்கியது. மேல் முனை எகிறி அவள் இடது கண்ணில் அடித்தது.

அந்தக் கண் போய்விட்டது. தும்பன் பச்சிலை அரைத்துக் கட்டினான், தலையில் அடித்துக்கொண்டு அழுதான், காலைப் பிடித்தான்.

"கண் போன பிறகு கும்பிடு எதற்கு?" என்றாள் மசணி. அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. அவளுக்கு வலியைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. மரம் சொன்னது, மனைவி சொன்னாள், இரண்டையும் கேட்காத காது எதற்கு என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வில் நாணில்லாமல் மூலையில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. வெளியே ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். சாத்திய படல், வாசலில் வில் இல்லை, உள்ளே அழுகைச் சத்தம். தும்பன் போய்விட்டான் என்று முடிவு கட்டி, மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படலைத் திறந்துகொண்டு தும்பனே வந்து நின்றபோது, ஒப்பாரியை எங்கே நிறுத்துவது என்று பெண்களுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் பன்றிகள் மிச்சத் தினைக்கு வந்தன. ஊர் தும்பனைப் பார்த்தது. அவன் வில் கிடந்த மூலைப் பக்கமே போகவில்லை. மசணி எழுந்தாள். கட்டுப் போட்ட முகத்தோடு வில்லை எடுத்து வெளியே வந்தாள்.

"உன்மேல் எனக்குக் கோபமில்லை" என்றாள் வில்லிடம். "எப்படி ஏற்றவேண்டும், நீயே சொல்."

"முதலில் நாணின் முறுக்கைப் பிரித்துப் பழைய நீளத்துக்குக் கொண்டுவா. என் கீழ் முனையை ஒரு காலின் முன்பக்கம் கொடு. மறுகாலை எனக்கும் நாணுக்கும் நடுவே வை. தொடையில் என்னைச் சாய்த்து மெல்ல வளை. எதிரே யாரும் நிற்க வேண்டாம். முகத்தை விலக்கிக்கொள். நான் முனகினால் நிறுத்திவிடு."

அவள் அப்படியே செய்தாள். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். கண்ணி தன்னிடத்தில் போய் உட்கார்ந்தது. கிடந்து ஆறியதில் மூங்கிலுக்குப் பழைய வலு திரும்பியிருந்தது. மசணி ஒற்றைக் கண்ணால் பார்த்து அம்பை விட்டாள். கொம்பன் நின்ற இடத்திலேயே விழுந்தது. மற்றவை ஓடிப்போயின.

அவள் உடனே நாணை இறக்கி, வில்லை நிலையில் மாட்டினாள். யாரும் அழவில்லை.

"இனி நான் பேசமாட்டேன், தாயி" என்றது வில். "கேட்கிற ஆள் கிடைத்தாயிற்று. மற்றவர்களுக்கு முனகலே போதும்." அதற்குப் பிறகு எந்த மரமும் வாய் திறக்கவில்லை.

அறுவடைக்கு முன்னால் பன்றிகள் ஒருமுறை திரும்பி வந்தன. தும்பன் பயந்து பயந்து வில்லை எடுத்தான். முதல் அம்பு புதரில் போய் விழுந்தது. அவன் மசணியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டாவது அம்பை விட்டான். அது தவறவில்லை.

"எதற்குக் கண்ணை மூடினாய்?" என்றாள் மசணி. அவள் அவனோடு பேசிப் பல நாளாகியிருந்தது.

"உனக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன்" என்றான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மசணி அவன் கிட்டே வந்தாள்.

"பார்த்தது போதும், திற" என்றாள். "முதலில் நாணை இறக்கு."

அன்று முதல்தான் வில்லாளிகள் முகத்தை விலக்கி நாணேற்றுகிறார்கள், வேலை முடிந்ததும் நாணை இறக்கி வைக்கிறார்கள், குறி பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அம்பு நேராகப் போகும் என்பார்கள். அது மசணியின் கண் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.