புத்தர் யாரைப் பார்க்கிறார்?

சீனத்துக் கோயில் ஒன்றில், பொன்முலாம் பூசிய புதிய வெண்கலப் புத்தரைப் பார்க்க மாகாண ஆளுநர் வந்தார். சிலையின் கண்கள் தாழ்ந்திருந்தன.

"பொன் கொடுத்தவன் நான். என்னைப் பார்க்க மாட்டாராமா? சிலையை உருக்குங்கள். வார்த்தவன் கையை வெட்டுங்கள்."

மண்டியிட்டுத் தரை துடைத்துக்கொண்டிருந்தாள் வார்த்தவனின் மனைவி லியன். "என்னைப் பார்க்கிறாரே, பிரபு" என்றாள்.

"தரை துடைக்கிறவளையா?"

"இங்கே வந்து பாருங்கள்."

ஆளுநர் அவளை விலக்கிவிட்டு அங்கே நின்றார். "எங்கே பார்க்கிறார்?"

"நான் நிற்கவில்லையே, பிரபு."

ஆளுநர் மண்டியிட்டார். புத்தர் நேராக அவர் முகத்தைப் பார்த்தார். அதைக் கண்ட காவலர்களும் பின்னால் மண்டியிட்டார்கள்.

"பார்க்கிறார்தான். யாரையும் வெட்ட வேண்டாம்" என்று சொல்லி ஆளுநர் எழப் போனார்.

"எழுந்திருக்காதீர்கள், பிரபு" என்றாள் லியன். "மறுபடியும் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்."