உறைமோரின் வயது

பண்டிதர் ஏகாம்பரம் ஜமீன்தாருக்கு நுண்ணோக்கியில் தயிரைக் காட்டினார். "இந்த நுண்ணுயிர்கள்தான் பாலைத் தயிராக்குகின்றன. கண்டுபிடித்தவன் நான். இனி என் அனுமதி இல்லாமல் யாரும் தயிர் தோய்க்கக் கூடாது!"

மலைத்துப்போன ஜமீன்தார், தயிர்க்காரி செங்கமலத்தை வரவழைத்தார். "இவை இருப்பது உனக்கு முன்பே தெரியுமா? தெரியாதென்றால் தயிர் விற்காதே."

நுண்ணோக்கிக்குள் எட்டிப் பார்த்தவளுக்கு உடம்பு சிலிர்த்தது. "ஆத்தாடி, இத்தனை பேரா! தெரியாதுங்க சாமி. ஆனா பண்டிதரே, இது யார் வீட்டுத் தயிருங்க?"

"என் வீட்டுத் தயிர்தான்."

"உங்க வீட்டம்மா போன வாரம் என்கிட்ட உறைமோர் வாங்கினாங்களே, அதுல தோய்ச்சதுங்க. எனக்கு என் மாமியார் கொடுத்தாங்க, அவங்களுக்கு அவங்க மாமியார். இந்தக் கண்ணுக்குத் தெரியாதவங்க, ஜமீன் பிறக்கறதுக்கு முன்னாலிருந்தே ஒருநாள் தவறாம வேலை பார்க்கறாங்க. நீங்க பார்த்தது நேத்துதான்!"

ஜமீன்தார் எழுந்து, அவளுடைய தயிர்ப்பானையைப் பார்த்துக் கைகூப்பினார்.