கொப்பரையில் வந்தவளும் கூரையில் நின்றவனும்

இது ஒரு வழக்கு. தீர்ப்பைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் அதற்குள் உங்கள் தீர்ப்பை மனதுக்குள் எழுதி முடித்துவிட வேண்டும். பிறகு மாற்றக் கூடாது.

நெடுங்கரை என்ற ஊர் ஒரு பெரிய ஏரிக்குக் கீழே இருந்தது. ஏரி என்றைக்காவது உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கு உடையாது என்றும் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை நம்பாத ஒரே ஆள் நெசவாளி மாசிலாமணி.

ஆறு வருடம் அவன் வெள்ளத்துக்காகப் படித்தான். ஆற்றுத் துறைக்குப் போய்ப் பரிசல்காரர்களிடம் துடுப்புப் போடும் முறைகளைக் கேட்டு மனப்பாடம் செய்தான். கட்டிலில் குப்புறப் படுத்துக் கைகாலை அடித்து நீச்சல் பழகினான். அதில் இரண்டு கட்டில்கள் போயின. ஒவ்வொரு கோடையிலும் கையில் கோலோடு தெருத் தெருவாக நடந்து, எது மேடு, எது பள்ளம், வெள்ளம் வந்தால் எங்கே இழுக்கும் என்று பார்த்து வைத்தான். செய்யாதது ஒன்றுதான். தண்ணீரில் இறங்கவில்லை. கணுக்காலுக்கு மேல் நனைந்தாலே அவனுக்கு நெஞ்சு படபடக்கும். அதை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

அவன் மனைவி செவ்வந்தி எதுவும் பழகவில்லை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவள் கட்சி.

ஓர் ஐப்பசியில் ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் கரை உடைந்தது. மாசிலாமணி தன் திட்டப்படி, ஊரிலேயே உயரமான நெற்களஞ்சியத்தின் கூரைமேல் ஏறிவிட்டான். ஏறிய பிறகுதான், கீழத்தெருச் சாவடியில் நடக்கும் காதுகுத்து விருந்துக்குச் சமையல் ஒத்தாசையாக மனைவி போயிருப்பது நினைவுக்கு வந்தது. திட்டத்தில் அதற்கு இடம் விடவில்லை.

சாவடிக்குள் தண்ணீர் மளமளவென்று ஏறியது. பெரியவர்கள் ஒன்பது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு தூண்களைப் பிடித்து நின்றார்கள். செவ்வந்தி அகலமான செப்புக் கொப்பரையிலிருந்த சோற்றைக் கவிழ்த்தாள். மூன்று பிள்ளைகளை அதற்குள் உட்கார வைத்தாள். சோறு கிளறும் துடுப்பை எடுத்துக்கொண்டு தானும் ஏறிக் களஞ்சியத்தை நோக்கிப் புறப்பட்டாள்.

கொப்பரை பம்பரமாகச் சுற்றியது. கூரையிலிருந்து மாசிலாமணி, "பீச்சாங்கைப் பக்கம் திருப்பு" என்று கத்தினான். அவன் அவளைப் பார்த்து நின்றான். அவனுடைய இடக்கை அவளுக்கு வலக்கை. அது அவனுக்கு உறைக்கவில்லை. அவன் சொன்னபடியே அவள் தன் இடப்பக்கம் திருப்பி, செக்கடிச் சுவரில் நேராகப் போய் மோதினாள். எப்படியோ தட்டுத்தடுமாறிக் களஞ்சியம் சேர்ந்து, பிள்ளைகளை அவனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி போனாள். அவள் போகும்போது அவன் வழி சொல்லவில்லை; பிள்ளைகளைக் கூரையில் பத்திரமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நடையில் செவ்வந்திக்கு விஷயம் பிடிபட்டது. கணவன் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் மாறாகச் செய்தால் போதும். வீட்டிலும் அந்தப் பழக்கம் இருந்ததால் அவளுக்குச் சிரமம் தெரியவில்லை. கொப்பரை வண்டித் தடத்தில் வருவதுபோல் வந்தது.

மூன்றாம் நடை. பாதி வழியில் அவளுக்கு இடப்பக்கம் தண்ணீர் அமைதியாகத் தெரிந்தது. அவள் அந்தப் பக்கமாக ஒதுங்கினாள். மாசிலாமணி அதைப் பார்த்துவிட்டான். அந்த அமைதிக்கு அடியில்தான் மதகு வாய்க்கால். அதில் விழுந்த எதையும் பாலத்துக்கு அடியில் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்று ஆறு கோடை அளந்தவனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

வழக்கம்போல் தன் இடக்கையை நினைத்து, 'பீச்சாங்கை' என்று கத்தப் போனான். அப்போதுதான் தன் இடம் அவளுக்கு வலம் என்பது முதல்முறையாக மண்டையில் ஏறியது. இதுவரை சொன்னது அத்தனையும் தப்பு. திருத்தி, 'சோத்தாங்கைப் பக்கம்' என்று சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. அவள் எதையும் மாற்றித்தானே செய்கிறாள்? இப்போது சரியாகச் சொன்னால் செத்துப்போவாள்.

தெரிந்தே தப்பாகக் கத்தினான்: "பீச்சாங்கைப் பக்கம் போ, செவ்வந்தி! பீச்சாங்கை!"

அவள் வலப்பக்கம் திருப்பினாள். ஒன்பது பிள்ளைகளும் பிழைத்தார்கள். தண்ணீர் பெரியவர்களின் கழுத்தோடு நின்று வடிந்தது.

ஊர் மணியக்காரர் புதிதாக ஒரு பரிசல் செய்து, கரைக்காவல் என்று ஒருவரை அமர்த்த முடிவு செய்தார். இனி ஏரி உடைந்தால் கரைக்காவலின் சொல்தான் சொல். முதலில் சமையற்காரர் வந்து, பிள்ளைகளைக் காப்பாற்றியது தன் கொப்பரைதான் என்றார். நெளிந்த இடத்தைத் தட்டிக் கொடுப்பதாகச் சொல்லி அவரை அனுப்பினார்கள். மீதி ஊர் இரண்டாகப் பிரிந்தது. உயிரைப் பணயம் வைத்துப் போனவள் செவ்வந்தி என்றார்கள் சிலர். வாய்க்காலை அறிந்திருந்தவன் மாசிலாமணி என்றார்கள் சிலர். அன்று பக்கத்துக் கூரையில் இருந்த செக்குக்காரர் சபையில் எழுந்து, மனைவியை வாய்க்கால் பக்கம் போகச் சொன்னவனுக்கா காவல் என்று கேட்டார்.

மாசிலாமணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். தண்ணீர் என்றால் தனக்குப் பயம் என்பதையும் அன்றுதான் சபையில் சொன்னான். மணியக்காரர் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"இவரு சொன்னது ஒண்ணுகூடச் சரியில்லீங்க," என்றாள் அவள். "ஆனா இவரு சொல்லலைன்னா நானும் அந்த மூணு பிள்ளைங்களும் இல்லை."

இப்போது சொல்லுங்கள். முன்பே கற்றவன், போகிற போக்கில் கற்றவள்: யார் செய்தது சரி? காவல் யாருக்கு?

விடை: மாசிலாமணி முன்பே கற்றது சரி. சுவரில் மோதிக் கற்கலாம். வாய்க்காலில் விழுந்து கற்றவர் அதைச் சொல்லத் திரும்பி வரமாட்டார். ஆனாலும் மணியக்காரர் காவலைச் செவ்வந்திக்கே கொடுத்தார். வாய்க்கால் இருக்கும் இடத்தைக் கூரையில் நின்றபடியே சொல்லிக்கொடுத்துவிடலாம்; இன்று அது ஊருக்கே தெரியும். சுவரில் மோதிய பிறகும் இரண்டாம் நடை போனாளே, அதை எந்தக் கூரையிலிருந்தும் சொல்லிக்கொடுக்க முடியாது. மாசிலாமணி தீர்ப்பை ஏற்றுக்கொண்டு, தண்ணீரில் இறங்கப் பழக்கும்படி மனைவியிடமே கேட்டான். மறுநாள், உடைந்த ஏரியில் மிச்சம் தேங்கியிருந்த தண்ணீருக்குப் போனார்கள். முழங்கால் வரை இறங்க அவனுக்கு ஐந்து நாள் ஆயிற்று. இடுப்பு வரை இறங்குவதற்குள் தை பிறந்துவிட்டது.